கார்த்திகேசுவுக்குச் சீட் இல்லை

1

இந்தக் கதை ஒரு மேசை விசிறிக்காக எழுதப்படுகிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கிள்ளானில் ஓர் இளைஞர் மன்றம் போதைப்பொருள் ஒழிப்பு மாதத்தை முன்னிட்டுச் சிறுகதைப் போட்டி அறிவித்திருக்கிறது. முதல் பரிசு மேசை விசிறி. என் அச்சகத்தில் இப்போது இருக்கும் விசிறிக்குக் கழுத்து போய்விட்டது. சுவருக்கு மட்டும்தான் காற்று வீசுகிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

போட்டி விதிகளை அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அறிவிப்பு எல்லாம் அச்செழுத்துக் கோத்துப் பழகிய கை, மூன்றாவது விதியில் நின்றுவிட்டது. 'கதையில் வரும் இளைஞன் இறுதியில் திருந்த வேண்டும் அல்லது இறக்க வேண்டும்.' மன்றத்துச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தம்பி, ரெண்டும் இல்லாம இருந்தா?"

"ரெண்டும் இல்லாம எப்படிண்ணே இருப்பான்?"

"சீக்காளி மாதிரி இருப்பான். நல்ல நாளும் இருக்கும், கெட்ட நாளும் இருக்கும்."

"அதெல்லாம் ஜட்ஜுங்களுக்குக் கன்ஃபியூஸ் ஆயிடும்லா. செத்துட்டான்னா மார்க் போட ஈசி."

எனக்கு அப்படி ஒருவனைத் தெரியும். 1986-இல், தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில். திருந்தவும் இல்லை, சாகவும் இல்லை. குறைந்தபட்சம் எனக்குத் தெரிந்த வரையில் இல்லை. கார்த்திகேசு என்பது நான் வைத்த பெயர். அசல் பெயர்க்காரன் நாளைக்கே கல்யாணப் பத்திரிகை அடிக்க என்னிடம் வரலாம். அப்போது முகத்தில் முழிக்க வேண்டும் அல்லவா?

2

எப்படித் தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: 'பிரிக்பீல்ட்ஸின் மேல் இருள் கவிந்திருந்தது. பாலத்தின் அடியில் ஒரு சிரிஞ்ச்—'

நிறுத்திவிட்டேன். கார்த்திகேசு ஊசி போட்டவனில்லை, போதைத் தூளைப் புகைத்தவன். அதையும் பட்டப்பகலில்தான் புகைத்தான். இருளைக் கூப்பிட்டால்தான் போதைக் கதை எழுத வரும் என்றால் எழுதாமலே இருக்கலாம்.

தொடக்கம் இரண்டு: 'போதை என்னும் அரக்கனின் பிடியில்—'

இதை எழுதும்போது என் மனைவி புஷ்பவல்லி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கார்த்திகேசு வீட்டுக்குப் பக்கத்து வீடு. இந்தக் கதைக்குச் சாட்சியும் அவள்தான், நீதிபதியும் அவள்தான். (மன்றத்து நீதிபதிகளைவிடக் கடுமையானவள். விசிறியும் தரமாட்டாள்.)

"அரக்கனா? எங்க வீட்டுல மீ கோரேங் சாப்பிட்டா பிளேட்ட அவனே கழுவி வச்சிட்டுப் போவான்."

"அரக்கன் அவனில்ல, போதைதான் அரக்கன்."

"அப்ப அரக்கனப் பத்தி எழுதுங்க. அவன் பேர எதுக்குப் போடுறீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: 'ஆடி மாதத்தில் சேர்க்க வேண்டாம் என்று பவுனம்மாள் சொல்லிவிட்டாள்.'

இதுதான் சரி. வேறு ஊர்க்காரர் எவரும் செய்ய முடியாத ஒரு தப்பு இந்த வரியில் இருக்கிறது. கதையே அங்கிருந்துதான் கோணலாகிறது.

3

பவுனம்மாள் கார்த்திகேசுவின் அம்மா. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. அவளுடைய கணவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இந்தக் கதையில் அவருக்கு வசனம் கிடையாது. வீட்டிலும் கிடையாது.

கார்த்திகேசு கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் லோரியில் உதவியாளாகக் கூடப் போகிறவன். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் எவனோ கொடுத்துப் பழகினான். முதலில் வீட்டு இஸ்திரிப் பெட்டி காணாமல் போனது. பிறகு சமையல் கேஸ் தோம்பு. பிறகு சாமி மேடையிலிருந்த குத்துவிளக்கு. விளக்கு போன அன்றைக்குப் பவுனம்மாள் அழவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், அரசாங்க அலுவலகத்தைத் தேடிப் போய்விட்டாள். அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளையை அடிப்பார்கள், மந்திரிப்பார்கள், கல்யாணம் செய்து வைப்பார்கள். அலுவலகத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

அதிகாரி ஒரு மலாய்க்காரர், சாதுவான மனிதர். (அவருக்குப் பெயர் வைக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அவருடைய குற்றம் எதுவும் எனக்கு அகப்படவில்லை.) தங்கி வைத்தியம் பார்க்கும் மையத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்றும், அடுத்த செவ்வாய்க்கிழமை பையனைக் கூட்டிவரும்படியும் சொன்னார். பவுனம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஜூலை மாதக் கடைசி.

"என்சிக், இது எங்களுக்கு ஆடி மாசம். இந்த மாசத்துல நல்ல காரியம் ஒண்ணும் தொடங்கமாட்டோம். அடுத்த மாசம் கொண்டாந்து விடறேன். போலே?"

அதிகாரி யோசித்தார். பிற மதத்தவரின் நம்பிக்கையை மதிப்பவர். "போலே, மக்சிக்," ஆகட்டும் அம்மா என்று மலாயில் சம்மதித்தார். இந்தக் கதையில் அரசாங்கம் காட்டிய மிகப் பெரிய மரியாதை அதுதான். அன்று அவர் கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

[பவுனம்மாளைப் பார்த்துச் சிரிக்கும் வாசகருக்கு: ஆடி மாதம் முழுக்க என் அச்சகத்தில் நான் ஈ ஓட்டுகிறேன். ஒருவர்கூடக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருவதில்லை. அந்த வராத ஒருவர் நீங்கள்தான்.]

4

ஆவணி பிறக்கும்வரை என்ன செய்வது? பவுனம்மாள் பிள்ளையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

"டாக்டர்கிட்டப் போறப்ப குளிச்சிட்டுத்தானே போறோம்? அழுக்கும் தூளுமாப் போய் நின்னா, என்ன வளப்பு வளத்திருக்கான்னு கேக்கமாட்டாங்களா?"

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளுடைய தங்கை இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தீவனம் வைக்கும் அறை. கார்த்திகேசுவை அதில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அசைவம் கிடையாது, கஞ்சியும் மோரும்தான், நெற்றியில் விபூதி. அதற்குப் பெயர் விரதம்.

இந்த இடத்தில் நான்கு பக்கம் எழுதினேன். வாந்தி, நடுக்கம், சுவரில் தலையை மோதுவது, ஒன்றையும் விடவில்லை. புஷ்பவல்லி படித்துவிட்டு, "ரொம்ப ருசிச்சு எழுதியிருக்கீங்க," என்றாள். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். நான்கு பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது: ஒரு பகல் முழுக்க அவன் 'அம்மா, கதவத் தொறந்து மட்டும் வை, நான் எங்கயும் போகமாட்டேன்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தான், அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆவணியில் அவன் வெளியே வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் கண் தெளிந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பினான்.

5

இதற்கிடையில் பவுனம்மாள் ஒரு பொய் சொல்லியிருந்தாள். சின்னப் பொய்தான்.

இரண்டு வருடம் பையன் எங்கே போகிறான் என்று குவார்ட்டர்ஸில் கேட்டார்கள். "கவர்மெண்ட் கோர்ஸ். தங்குற இடம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ," என்றாள்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் நன்றாகப் படித்தவர்களே அரசாங்கத்தில் ஒரு சீட்டுக்காக வருடக்கணக்கில் அலைந்துகொண்டிருந்த காலம் அது. சான்றிதழை உறையில் போட்டு, உறையைப் பிளாஸ்டிக்கில் போட்டு, பிளாஸ்டிக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு லோரிப் பையனுக்கு இரண்டு வருட இலவச கோர்ஸ் என்றால் விடுவார்களா? பவுனம்மாள் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது.

"யாரப் புடிச்சே, பவுனு? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"என் மவனுக்கு ஆறு பாடத்துல நல்ல மார்க். அவனுக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

பவுனம்மாள் பதில் தெரியாமல் சிரித்தாள். பதில் தானாகவே நடந்து வந்தது. கட்சியின் கிளைத் தலைவர் ரெங்கசாமி, புஷ் ஜாக்கெட்டும் பையில் இரண்டு பேனாவுமாக வந்து, "நான்தான் சொல்லி வச்சேன்," என்றார்.

ரெங்கசாமி கெட்டவரல்லர். மழை பெய்தாலும் 'நான்தான் சொல்லி வச்சேன்' என்று சொல்கிற மனிதர். என்ன கோர்ஸ் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. ஏற்பாடு செய்தவரே அவர்தானே! அப்போது நான் பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தேன். வாழ்த்து மடல் அடிக்க அங்கே வந்தார். இந்தக் கதை எனக்குள் வந்தது அன்றுதான். விசிறி பிறகு வந்த காரணம்.

"என்ன கோர்ஸ்னு போடணும், தலைவரே?"

ஒரு கணம் என்னை முறைத்தார். "உயர்ந்த கோர்ஸ்னு போடுப்பா."

அப்படியே கோத்தேன். 'உயர்ந்த பயிற்சிக்குத் தேர்வு பெற்றுள்ள செல்வன் கார்த்திகேசுவை வாழ்த்துகிறோம்.' மேலே அவனுடைய புகைப்படம். சிரிக்கச் சொல்லி எடுத்திருந்தார்கள்.

6

புறப்பட்ட அன்று கிளை மண்டபத்தில் மாலை போட்டார்கள். ஒரு பயணப் பையும் கொடுத்தார்கள். ரெங்கசாமியே தன் வேனை எடுத்து வந்தார். வேனில் அவருடைய மகன் சர்குணன் உட்கார்ந்திருந்தான்.

சர்குணனைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. முதல் பிரதியில் அவனுக்கு நீள முடியும் சிகரெட்டும் கொடுத்தேன், பின்னால் வரப்போவதற்கு வாசகரைத் தயார்ப்படுத்தலாம் என்று. புஷ்பவல்லி விடவில்லை. "அவன்தான் என் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். முடிய நல்லா வாரி வகிடெடுத்திருப்பான்." உண்மைதான். பரீட்சையில் முதல் தரம், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். அப்பா கேட்டால் 'சரிப்பா' என்பான். அதற்கு மேல் பேசமாட்டான்.

"தலைவரே, தம்பி எதுக்கு வருது?" என்றாள் பவுனம்மாள்.

"இவனுக்கும் ஒரு சீட் கேட்டுப் பாக்கலாம்னு."

"அது தம்பிக்கு வேணாம் தலைவரே. சொன்னாக் கேளுங்க."

"ஏன்? உங்க பையன் மட்டும்தான் முன்னேறணுமா?"

பவுனம்மாள் வாயைத் திறந்தாள். வேனைச் சுற்றிக் குவார்ட்டர்ஸே நின்றிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

7

அலுவலகத்தில் அதிகாரி நிமிர்ந்து பார்த்தபோது எதிரே இரண்டு இளைஞர்கள், ஒருவன் கழுத்தில் மாலை. பெற்ற தகப்பனே மகனை அழைத்து வந்திருக்கிறார் என்பதில் அவருக்கு ரெங்கசாமிமேல் மரியாதை வந்துவிட்டது. எழுந்து கை கொடுத்தார். இரண்டு பேருக்கும் சிறுநீர்ச் சோதனைக்குக் குவளை கொடுத்து அனுப்பினார்.

"மெடிக்கல் செக்கப்," என்று ரெங்கசாமி பவுனம்மாளுக்கு விளக்கம் சொன்னார். "உயர்ந்த கோர்ஸுக்கெல்லாம் இது உண்டு."

[இங்கே ரெங்கசாமியும் ஒரு குவளையை வாங்கிப் போனதாகவும், அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்ததாகவும் எழுதியிருந்தேன். அந்தச் சோதனையில் சர்க்கரை தெரியாதாம். வருத்தத்தோடு நீக்குகிறேன். இன்னொன்று, சோதனை முடிவு வரப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் இவர்களை பெஞ்சில் உட்கார வைத்தால் கதை தாங்காது. மதியமே முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.]

மதியம் வந்துவிட்டது. அதிகாரி மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மலாயில் இன்னும் மென்மையாக இருந்தது.

"மக்சிக், உங்கள் மகன் உடம்பில் ஒன்றும் இல்லை. அவரைச் சேர்க்க எனக்கு அனுமதி கிடையாது. அந்த இடம் இவருக்கு." சர்குணனைக் காட்டினார். "இவர் உடம்பில் இருக்கிறது. நிறையவே இருக்கிறது."

ரெங்கசாமி சிரித்த முகத்தோடு, "என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அதிகாரி சொன்னார். அந்த இடம் என்ன இடம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

தலைவர் மகனைப் பார்த்தார். சர்குணன் தலையைக் குனியவில்லை. "இது கோர்ஸ் இல்லேன்னு எனக்குத் தெரியும்ப்பா," என்றான். "கார்த்தி முன்னாடியே சொல்லிட்டான். தெரிஞ்சுதான் வேன்ல ஏறுனேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்களே கூட்டிட்டுப் போறேன்னீங்க."

 ரெங்கசாமி அதிகாரியிடம், "எத்தன வருஷம்?" என்று மட்டும் கேட்டார். தன் பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மகனின் சட்டைப் பையில் செருகினார். ஏன் செருகினார் என்று எனக்குத் தெரியாது. புஷ்பவல்லிக்கும் தெரியவில்லை.

கார்த்திகேசு மேசைமேல் கை ஊன்றி நின்றான்.

"என்சிக், நான் திரும்ப எடுப்பேன். எனக்கு நல்லாத் தெரியும். எடுக்காம இருக்கும்போதே என்னையும் சேத்துக்குங்க."

"தக் போலே. நோய் இருந்தால்தான் சேர்க்க முடியும்."

"இருக்கு."

"சோதனையில் இல்லையே."

"சாயங்காலம் ஆனா வருது, என்சிக். உடம்பெல்லாம் கூப்பிடுது. உங்க சோதனைக்கு அது எப்படித் தெரியும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுக்குப் போகும்படியும், மறுபடி ஆரம்பித்துவிட்டால் உடனே வரும்படியும் சொன்னார். ஆனால் அப்போது இடம் இருக்குமா என்று சொல்ல முடியாதாம்.

"அப்ப என்ன, நானே வாங்கியாந்து எம்புள்ளைக்குக் குடுக்கட்டுமா?" என்றாள் பவுனம்மாள்.

 அந்த நல்ல மனிதர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார்.

8

வேனில் மாலையோடு போனவன் மாலையோடு திரும்பினான், தலைவர் மகன் திரும்பவில்லை. குவார்ட்டர்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டது. ஏழை வீட்டுச் சீட்டைத் தலைவர் தன் மகனுக்குச் சுருட்டிவிட்டார்!

அத்தனை பேருக்கும் ரத்தம் கொதித்தது. கார்த்திகேசுவுக்கு வாழ்நாளில் அவ்வளவு ஆதரவு கிடைத்ததில்லை. கண்டனக் கூட்டத்துக்கான துண்டறிக்கையும் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. வாழ்த்து மடலுக்குச் செய்த புகைப்பட அச்சுப் பிளாக் கையோடு இருந்ததால் அதையே வைத்தோம். 'செல்வன் கார்த்திகேசுவுக்கு நீதி வேண்டும்!' மேலே அவன் அதே சிரிப்போடு இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளை மண்டபம் நிறைந்து வழிந்தது. ரெங்கசாமி மேடையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னால் அவர்மேல் இருக்கும் பழி போய்விடும், மகன் மானம் போய்விடும். பழியையே வைத்துக்கொண்டார். ஒருவர் எழுந்து, கார்த்திகேசுவுக்குச் சீட் கிடைக்கும்வரை அந்த மையத்தின் வாசலில் உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமானது.

பாதிக்கப்பட்ட தாய் பேச வேண்டும் என்று பவுனம்மாளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

[முதல் பிரதியில் அவள் பேச்சு: 'தாய்மார்களே! இன்று நம் சமுதாயத்தைச் சீரழிக்கும்—' புஷ்பவல்லி அந்த மண்டபத்தில் இருந்தவள். "மைக்கக் கையில குடுத்ததும் அத என்ன பண்றதுன்னு தெரியாம முந்தானையில தொடைச்சாங்க," என்றாள். சரி.]

மைக்கைத் துடைத்துவிட்டுப் பவுனம்மாள் சொன்னாள்: "தலைவரு ஒண்ணும் புடுங்கல. அங்க டெஸ்ட் வச்சாங்க. எம்புள்ளைக்குத் தகுதி இல்லேன்னு சொல்லிட்டாங்க. அவரு புள்ளைக்கு இருந்துச்சு. அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"என்ன டெஸ்ட்டு? மலாயிலயா, இங்கிலீஷ்லயா?" என்று ஒரு குரல்.

"தமிழ்ல வைக்கச் சொல்லிப் போராடுவோம்!" என்று இன்னொரு குரல்.

மண்டபத்தின் பின்னால் நின்றிருந்த கார்த்திகேசு, "அம்மா, போதும்மா," என்றான். எல்லோரும் திரும்பினார்கள்.

"அது கோர்ஸ் இல்ல. நான் தூள் எடுக்கிறவன். அது அதுக்கு வைத்தியம் பாக்கிற எடம். அம்மா என்னைச் சுத்தமாக் கூட்டிட்டுப் போனதால ஒடம்புல ஒண்ணும் இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்காக யாரும் பட்டினி கிடக்காதீங்க."

சர்குணன் பெயரை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இப்போது எல்லோரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள். (இந்த இடத்தில் ரெங்கசாமி 'பொய்!' என்று கத்துவதாக எழுதினால் எனக்குச் சுலபம். மார்க்கும் கிடைக்கும்.) அவர் எழுந்தார்.

"என் பையனுக்கு இருந்துச்சு," என்றார். "எனக்குத் தெரியாமலே இருந்துச்சு. அத மட்டும் நான் சொல்லி வைக்கல."

யாரும் சிரிக்கவில்லை. உண்ணாவிரதக்காரர் குடையை எடுத்துக்கொண்டு முதலில் போனார். பிறகு ஆண்கள் எல்லோரும் போனார்கள். பெண்கள் சிலர் மட்டும் நாற்காலிகளை அடுக்குவதுபோல மண்டபத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி, பாசாரில் மீன் விலை கேட்பதுபோல முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பவுனு, அந்த ஆபீஸுக்கு எந்த பஸ்ஸுல போவணும்?"

இன்னொருத்தி அருகில் வந்தாள். "குளிப்பாட்டாமக் கூட்டிட்டுப் போனாத்தானே எடுப்பாங்க?"

போன மாதம் தன் மகனின் ஆறு பாடத்து மார்க்கைச் சொன்னவள் அவள். அதைக் கேட்டபோது பவுனம்மாள் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டாளாம். குத்துவிளக்கு போனபோது அழாதவள்.

9

அதன்பிறகு நடந்ததை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கட்டுக்கதை என்றிருப்பேன். நானே பார்த்தேன். அலுவலகத்துக்கு வழி தெரிந்தவன், மலாய் பேசத் தெரிந்தவன், என்ன கேட்பார்கள் என்று தெரிந்தவன் கார்த்திகேசு ஒருவன்தான். அம்மாக்கள் பையன்களை அவனோடு அனுப்பினார்கள். இடம் காலியாகும்போதெல்லாம் ஒருவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். நடுவழியில் இறங்கி ஓடப் பார்த்தவனைப் பிடித்து உட்கார வைத்தான். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் அதிகாரியிடம் கேட்டான்.

"எனக்கு, என்சிக்?"

"சுத்தமா இருக்கியா?"

"இன்னைக்கு இருக்கேன்."

"பாகுஸ். நல்லது. வீட்டுக்குப் போ."

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் அந்தப் பாலம். அதன் கீழே தூள் விற்க நிற்பவர்களுக்கு அவன் பெயர் தெரியும். போதைப்பொருளைப் பற்றி எத்தனையோ நோட்டீஸ் அடித்திருக்கிறேன். நல்லபடியாக இருப்பவனுக்கு எங்கே இடம் என்று ஒன்றிலும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது. சாகக் கிடந்தால்தான் படுக்கை என்றால், எழுந்து நிற்கிறவன் எங்கே போய் உட்காருவான்?

பிறகு எனக்குக் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

10

இனி மூன்றாவது விதி.

முடிவு அ: அவன் இறக்கிறான். பாலத்தின் கீழ், மழையில், கையில் அம்மாவின் படம். புஷ்பவல்லி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அவன் அம்மா படம் எதுக்கு வச்சிருக்கான்? அம்மாதான் வீட்டுல இருக்காங்களே."

முடிவு ஆ: அவன் திருந்துகிறான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இளைஞர் மன்றத்தில் சொற்பொழிவாற்றுகிறான். பரிசாக ஒரு மேசை விசிறி—

முடிவு இ: ஒரு மாலை, உடம்பு கூப்பிட ஆரம்பிக்கும் நேரம், பவுனம்மாள் தானே பாலத்தடிக்குப் போகிறாள். மகனுக்குத் தகுதி வாங்கித் தர. முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். எதிரே இருப்பவன், "ஆன்டி, உங்களுக்கா?" என்று கேட்கிறான். அவள்—

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.  புஷ்பவல்லி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது நாகரிகமான எழுத்தாளர்களின் வழக்கம். எனக்கு அவ்வளவு நாகரிகம் போதாது. முடிவு உங்களுக்கு எதற்கு? கார்த்திகேசுவையே உங்களிடம் விடுகிறேன்.

பயப்பட வேண்டாம். இன்று சுத்தமாகத்தான் இருக்கிறான். அதனால்தான் எங்கேயும் எடுத்துக்கொள்ளவில்லை. பாகற்காய் தவிர எதுவும் சாப்பிடுவான். லோரி மூட்டை தூக்கியவன், வீட்டில் எந்த வேலை சொன்னாலும் செய்வான். விளக்கை ஒளித்து வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஒளித்து வைத்தாலும் கோபித்துக்கொள்ளமாட்டான். சாயங்காலத்தில் மட்டும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறிவுரை வேண்டாம், வானொலி போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும். ஒரு நாள் தவறிவிட்டான் என்றால் அவனை வெளியே அனுப்பிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். நான் அச்சடிக்கிறவன்தான்.

இதோ, உங்களுக்கு எதிரே நிற்கிறான். என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வான்.